உள்ளே வளர்வதும் வெளியே மாறுவதும்

கர்ப்பக் கணக்கு, கடைசி மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அன்றைக்குக் கரு உண்டாகியிருக்காது. 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வருகிறவருக்கு, அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்தே கரு தரிக்கும். ஆகவே நாள் தள்ளிப்போய், சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்து, மருத்துவர் சீட்டில் ‘5 வாரம்’ என்று எழுதும்போது கருவின் வயது மூன்று வாரம்தான். மொத்தக் கணக்கு 40 வாரம், அதாவது 280 நாள். இதை 28 நாளால் வகுத்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பத்து மாதம் வரும். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி மருத்துவர் தேதி குறிப்பதும் இதே கணக்குதான். இந்த அத்தியாயத்தில் வரும் வாரங்கள் எல்லாம் இந்தக் கணக்குப்படியே.

வாரம் வாரமாகத் தாயையும் குழந்தையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். குழந்தைக்குத் தேவை வந்த பிறகு தாயின் உடல் மாறுவதில்லை. தேவை வருவதற்கு வெகு முன்பே மாறத் தொடங்கிவிடுகிறது. பத்தாவது வாரத்தில் குழந்தை 3 சென்டிமீட்டர் நீளம், சில கிராம் எடை. அதற்குள் தாயின் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு நன்றாகக் கூடிவிட்டிருக்கும். மூன்றாம் மாத முடிவுக்குள் சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

நம் வீடுகளில் கவனிப்பு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வயிறு தெரிந்த பிறகு, அதிலும் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன பிறகு, விழுந்து விழுந்து கவனிப்பார்கள். அதற்கு முன்னால், “ரெண்டு மாசந்தானே ஆகுது, அதுக்குள்ள என்னம்மா அசதி? நாங்கல்லாம் நாத்து நடப் போகலையா?” என்பார்கள். அந்த அசதி சோம்பேறித்தனம் அல்ல. இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் புதிய வேகத்துக்குப் பழகிக்கொண்டிருக்கும் காலம் அது. புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் தூக்கத்தையும் கூட்டும். இரண்டாம் மாதத்தில் மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் போலிருந்தால் படுங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மூன்று மாதம்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாயாகத் தொடங்குகின்றன. கருத்தரித்து 28 நாளுக்குள், அதாவது ஆறாவது வார முடிவுக்குள், அந்தக் குழாய் மூடிக்கொண்டாக வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைபாடுகள் வரும். பல பெண்களுக்கு இந்த நாளில்தான் நாள் தள்ளிப்போனதே உறைக்கிறது. ஃபோலிக் அமிலத்தை, குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்வது அதனால்தான். முன்பே தொடங்கவில்லை என்றால் கலங்க வேண்டாம். தெரிந்த அன்றே தொடங்குங்கள். சர்க்கரை நோய், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் முந்தைய குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்தவர்களுக்கும் மருந்தின் அளவு வேறு. அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஆறாவது வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பத்தாவது வாரத்துக்குள் முக்கிய உறுப்புகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும்தான். எனவே மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரை, நாட்டு மருந்து என்ற பெயரில் வரும் பொடி, கஷாயம் எல்லாவற்றையும் இந்த வாரங்களில் முதலில் நிறுத்துங்கள். ஆனால் தைராய்டு, வலிப்பு, இரத்த அழுத்தம் இவற்றுக்கு ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.

மசக்கை ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்குப் பதினாறாவது வாரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் மட்டும் வரும் என்று நினைக்காதீர்கள். தாளிக்கும் வாசனையில், பேருந்தில், சாயங்காலம் என்று எந்த நேரமும் வரலாம். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். எழுந்ததும் படுக்கையிலேயே இரண்டு ரஸ்க்கோ ஒரு பிடி பொரியோ மென்றுவிட்டு மெல்ல எழுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு, மோர்சாதம், இட்லி என்று எது உள்ளே நிற்கிறதோ அதைச் சாப்பிடலாம். சத்துணவுப் பட்டியலைப் பார்த்து வருந்துகிற மாதங்கள் அல்ல இவை. குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அரை நாளாக இல்லை அல்லது அடர்மஞ்சளாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். இரத்தப்போக்கோ, ஒரு பக்கமாக அடிவயிற்றில் குத்தும் வலியோ, தலைசுற்றி மயக்கமோ வந்தாலும் அப்படித்தான். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம்.

இந்த மாதங்களில் நஞ்சுக்கொடி உருவாகி வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. தாயின் இரத்தம் அப்படியே குழந்தைக்குள் ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டு இரத்தமும் கலப்பதில்லை. மெல்லிய திரைக்கு இந்தப் பக்கம் தாயின் இரத்தம், அந்தப் பக்கம் குழந்தையின் இரத்தம். பிராணவாயுவும் சத்தும் உள்ளே போக, கழிவு வெளியே வரும். பிரசவ நேரத்தில் நஞ்சுக்கொடி சுமார் அரைக் கிலோ எடை இருக்கும். அப்போது தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும்.

இரத்தம் என்ன ஆகிறது

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் கருத்து. ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே தாயின் இரத்த அளவு கூடத் தொடங்குகிறது. 32-ஆவது வாரத்தையொட்டி நாற்பது, ஐம்பது சதவீதம் கூடி நிற்கும். இதில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது, சிவப்பணுக்கள் மெதுவாகக் கூடுகின்றன. குழம்பில் தண்ணீர் ஊற்றி நீட்டியதுபோல் இரத்தம் சற்று நீர்த்துப்போகும். ஆகவே ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் அந்த இயல்புக்கு ஓர் எல்லை உண்டு. 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை. “மாசமா இருந்தா இரத்தம் குறையத்தான் செய்யும்” என்று 8 கிராமை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஒரு கர்ப்பத்துக்குத் தேவைப்படும் இரும்புச்சத்து மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம். இதில் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போவது 300 மட்டும். சுமார் 500 தாயின் புதிய சிவப்பணுக்களுக்கு. மீதி அன்றாட இழப்புக்கு. பல ஆண்டு மாதவிடாயில் இழந்ததை ஈடுகட்டாமலே கர்ப்பம் தரிக்கும் பெண்ணின் கையிருப்பு இதற்குப் போதாது. முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நன்றாக வேகவைத்த சுவரொட்டி எல்லாம் நல்லவைதான். ஆனால் உணவால் மட்டும் இந்தக் கணக்கு நிரம்பாது, மாத்திரை வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன.

மாத்திரை வாங்குவதில் நம் பெண்கள் தவறுவதில்லை. சாப்பிடுவதில்தான் தடை வருகிறது. பீரோவில் பிரிக்காத அட்டைகள் அடுக்கியிருக்கும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது என்பவை காரணங்கள். மலம் கறுப்பது மாத்திரையால், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். காபி, டீ, பால் இவற்றோடு போட்டால் பாதி வீண். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்க்காதீர்கள். அது காலையிலும் மதியமும், இது இரவில் என்று பிரித்துவிடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாத்திரை மாற்றவும், ஊசியாக நரம்பில் ஏற்றவும் வழி இருக்கிறது. சாப்பிடாமலே ‘சாப்பிடுறேன் சிஸ்டர்’ என்று தலையாட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

சாம்பல், திருநீறு, பல்பம், செங்கல் தூள், பச்சரிசி இவற்றைத் தின்னத் தோன்றுவதை மசக்கை ஆசை என்று சிரித்து ஒதுக்குகிறோம். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மறைத்துத் தின்ன வேண்டாம். அடுத்த முறை போகும்போது செவிலியரிடம் சொல்லி இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இதயம் கூடுதலாக வேலை செய்வதால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு பத்து, இருபது கூடும். மூச்சும் ஆழமாகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது இயல்பு. உட்கார்ந்திருக்கும்போதே வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டி எழ வேண்டியிருந்தால் இயல்பல்ல. சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இதய வால்வில் பாதிப்பு இருந்து, அது கர்ப்பத்தில்தான் முதன்முதலில் வெளிப்படுவது உண்டு.

நடு மாதங்கள்

பன்னிரண்டாவது வாரத்தில் கருப்பை இடுப்பெலும்புக்கு மேலே தலைகாட்டும். இருபதாவது வாரத்தில் அதன் உச்சி தொப்புள் மட்டத்துக்கு வரும். அதற்கப்புறம் செவிலியர் நாடாவால் அளக்கும் சென்டிமீட்டர், ஏறக்குறைய வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். மூன்று நான்கு சென்டிமீட்டர் விலகினால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். குறை ஏதும் இருந்தால் முடிவெடுக்கக் காலம் தேவை. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வயிற்றின் நடுவே கறுத்த கோடு, கழுத்திலும் கன்னத்திலும் கருமை, வயிற்றில் வரிகள், ஈறில் இரத்தக் கசிவு எல்லாம் இந்தக் காலத்தவை. கருமை பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மங்கும்; வரிகள் வெளிறுமே தவிர முழுதாக மறையாது. எந்த எண்ணெயும் அதைத் தடுத்துவிடாது. குங்குமப்பூவும் குழந்தையின் நிறத்தை மாற்றாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் பழமும் வாங்கலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால் மட்டும் அதைத் தோல் பிரச்சினை என்று விடாதீர்கள். கல்லீரல் தொடர்பான ஒரு நிலை அப்படிக் காட்டும். இரத்தப் பரிசோதனை தேவை.

முதல் பிரசவக்காரர்கள் 18 முதல் 20 வாரத்தில் அசைவை உணர்வார்கள். அடுத்த கர்ப்பத்தில் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். நஞ்சுக்கொடி முன்சுவரில் இருந்தால் தாமதமாகும். இருபதாவது வாரத்தில் குழந்தை 300 கிராம். பனிக்குட நீரை விழுங்கும், சிறுநீர் கழிக்கும். இருபத்து நான்கு வாரத்தையொட்டிச் செவி வேலை செய்யத் தொடங்கும். வளையல் ஓசை குழந்தைக்குக் கேட்கும் என்று வளைகாப்பில் சொல்வதுண்டு. உயர்ந்த ஓசைகள் வயிற்றுச் சுவரையும் நீரையும் தாண்டும்போது நன்றாக அடங்கிவிடும். தாழ்ந்த ஓசைகளே அதிகம் போய்ச் சேரும். எல்லாவற்றிலும் தெளிவாகச் சேர்வது உடலுக்குள்ளிருந்தே வரும் அம்மாவின் குரல்.

இந்த மாதங்களில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மட்டுப்படுத்தும். சாப்பிட்ட சர்க்கரை இரத்தத்தில் சற்றுக் கூடுதல் நேரம் தங்கிக் குழந்தைக்குப் போய்ச் சேரட்டும் என்ற ஏற்பாடு இது. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையம் சுரக்காவிட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் தெரியாமலே இருக்கும் என்பதால் எல்லாருக்கும் பரிசோதனை: முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இந்த முறையை வளர்த்தெடுத்ததில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரும் பங்கு உண்டு. காலை பேருந்து பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துப் பாருங்கள்.

இரத்த அழுத்தம் முதல் பாதியில் சற்று இறங்கி, கடைசி மாதங்களில் பழைய அளவுக்குத் திரும்பும். எனவே ஆறாம் மாதம் முதன்முதலாகப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதுவதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் ஏறியதா இல்லையா என்று சொல்ல முடியும். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ளச் சொல்வதற்கு இது ஒரு காரணம். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, அந்தப் பதிவுக்கான பிக்மி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும், பிறகு பிறப்புப் பதிவுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது.

கடைசி மூன்று மாதம்

28-ஆவது வாரத்தில் குழந்தை ஒரு கிலோ. அடுத்த பன்னிரண்டு வாரத்தில் அதைப்போல் இரு மடங்கு எடை சேர்க்கும். பிறந்த பிறகு ஆறு மாதம் தாங்கும் இரும்பையும், தாயிடமிருந்து வரும் நோய் எதிர்ப்புப் புரதங்களையும், தோலுக்கடியில் கொழுப்பையும் பெரும்பாலும் இப்போதுதான் சேமிக்கிறது. “பிள்ளை பெருசாயிட்டா பிரசவம் கஷ்டம்” என்று இந்த மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. குறைத்தால் நடப்பது, எடை குறைந்த குழந்தை பிறப்பதுதான். பத்து, பன்னிரண்டு கிலோ எடை கூடுவது கொழுப்பாக மட்டும் போவதில்லை. குழந்தை மூன்று கிலோ, நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு, கருப்பை ஒரு கிலோ, கூடிய இரத்தமும் உடல் நீரும் மூன்று கிலோவை ஒட்டி. மீதிதான் மார்பிலும், பால் கொடுக்கும் மாதங்களுக்கான கையிருப்புக் கொழுப்பிலும்.

நிமிர்ந்து மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிய பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். தலைசுற்றும், குழந்தைக்கும் இரத்தம் குறையும். ஒருக்களித்துப் படுங்கள். இடதோ வலதோ, முதுகுப் பக்கம் ஒரு தலையணை. தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும். நெஞ்செரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிடுவது மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும்.

சாயங்காலம் கணுக்கால் வீங்கி, காலையில் வடிந்தால் இயல்பு. முகமும் விரல்களும் வீங்கி, மோதிரம் இறுகி, தலைவலி விடாமல் இருந்து, கண் மங்கி அல்லது பூச்சி பறந்து, மேல் வயிற்றில் வலித்தால் அது இரத்த அழுத்தம் ஏறிய அடையாளம். 140/90 தாண்டினால் நாளை காலை என்று காத்திருக்கக் கூடாது, வலிப்பில் முடியலாம். 108-ஐ அழையுங்கள்.

அசைவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “கடைசி மாசம், இடம் இல்ல, அதான் புள்ள அசையல” என்பதை நம்பாதீர்கள். அசையும் விதம் மாறலாம். உதைப்பதற்குப் பதில் உருளலாம், நெளியலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. குழந்தை நடுநடுவே தூங்கும், ஆனால் ஒரு தூக்கம் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலை இல்லாமல் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அது நல்ல செய்தி. அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் கூச்சப்படாமல் போக வேண்டும்.

நாள் குறிப்பது பற்றி

நுரையீரல் விரிந்தே இருக்க உதவும் பூச்சு போன்ற ஒரு பொருள் 24-ஆவது வாரத்தையொட்டிச் சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவு சேர 35 வாரம் ஆகிறது. முன்கூட்டியே பிறக்கும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது குழந்தையின் நுரையீரல் முதிர்வதை விரைவுபடுத்தத்தான். 35-ஆவது வாரத்தில் மூளையின் எடை, நிறைமாதத்தில் இருக்கப்போவதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே சிசேரியன்தான் என்று முடிவான பிறகு, நல்ல நட்சத்திரம் வருகிறது என்பதற்காக 37, 38-ஆவது வாரத்தில் தேதி கேட்காதீர்கள். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாதபோது 39 வாரம் முடிவது வரை பொறுத்தால், குழந்தை மூச்சுத் திணறலோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு குறைகிறது. ஜோசியரிடம் நாள் கேட்கத்தான் வேண்டுமென்றால், அந்த வாரத்துக்குப் பிறகுள்ள நாட்களைக் கொடுத்துக் கேளுங்கள்.

கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கும். மூச்சு இலேசாகும்; சிறுநீர் மறுபடி அடிக்கடி வரும். வயிறு இறுகித் தளர்வது, நடந்தால் அல்லது படுத்தால் நின்றுவிட்டால் அது பொய்வலி. இடைவெளி சுருங்கி, நேரம் நீண்டு, இடுப்பிலிருந்து முன்பக்கம் பிடித்து இழுத்தால் உண்மை வலி. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இரத்தப்போக்கு இருந்தால், வலி இல்லாமலே இருந்தாலும், அதே அவசரம்.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும், கருப்பை இறுகி அங்கே திறந்திருக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது. உடனே போடும் ஆக்ஸிடோசின் ஊசி அதற்குத் துணை. ஒரு கிலோ இருந்த கருப்பை ஆறு வாரத்தில் பழைய அளவை நெருங்கும். இரத்தத்தில் இழந்த இரும்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. இரும்பு மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்திவிடாமல், பால் கொடுக்கும்போதும் இன்னும் 180 நாள் தொடருங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.